திருகாணியும் கடைசல் எந்திரமும்

சென்னை, தியாகராய நகரின் உஸ்மான் சாலை நகைக்கடைகளில் தோடு வாங்குவோர் கல்லையும் பொன்னையும் உற்றுப் பார்ப்பர். திருகாணியைப் பார்ப்போர் சிலரே. அது தொலைந்த பின்னரே அதன் அருமை தெரியும். ஒரு தோட்டின் திருகாணி இன்னொரு தோட்டின் தண்டில் பெரும்பாலும் ஏறுவதில்லை. தடிமன் ஒத்திருந்தாலும் மரைகளின் இடைவெளி ஒத்திருப்பதில்லை. அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையேயுள்ள இவ்விடைவெளியே புரியிடைத் தூரம். ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவர் இச்சொல்லை நன்கறிவர்.

இங்கிலாந்தின் பட்டறைகளும் ஒரு காலத்தில் இந்நிலையில்தான் இருந்தன. இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய மரை வெட்டும் கடைசல் எந்திரம், ஒரே அளவான மரைகளை மீண்டும் மீண்டும் வெட்ட வழிசெய்தது. அவரிடம் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைகளுக்குப் பொது அளவுகளை முன்மொழிந்தார். அவை அங்குலக் கணக்கில் அமைந்தவை.

இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் எடைக்கல்லை மாற்றினால் போதும். பட்டறைக்காரரின் இடர் வேறு. தண்டு சுழலும்போது வெட்டுளியை நகர்த்துவது ‘லீட் ஸ்க்ரூ’ எனப்படும் நீண்ட திருகு. பழைய எந்திரங்கள் பலவற்றில் அது அங்குல அளவில் வெட்டப்பட்டிருந்தது. எந்திரத்தையே தூக்கியெறிய எத்தனை பட்டறைகளால் இயலும்? தண்டையும் திருகையும் இணைக்கும் பல்சக்கரங்களை மாற்றுவதே வழி.

ஓர் அங்குலத்திற்கு 8 மரைகள் கொண்ட திருகின் புரியிடைத் தூரம் 3.175 மி.மீ. அதைக்கொண்டு 1.5 மி.மீ. மரை வெட்ட வேண்டுமெனில், தண்டு ஒரு முறை சுற்றுகையில் திருகு 60/127 சுற்றுச் சுற்ற வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அஃதாவது 127/5. 127 ஒரு பகா எண்ணாதலால் அதைச் சிறு சக்கரங்களாகப் பிரிக்க இயலாது. சிறிய எந்திரத்திலோ அத்துணைப் பெரிய சக்கரத்திற்கு இடம் இராது. அங்கே 63 பல் சக்கரம் கைகொடுக்கிறது. 63/80, 60/100 என்னும் இரு விகிதங்களைப் பெருக்கினால் 0.4725 கிடைக்கும். இதனால் 100 மி.மீ. நீளத்தில் நேரும் பிழை 0.0125 மி.மீ. மட்டுமே. சிறு திருகாணிக்கு இப்பிழை ஒரு பொருட்டன்று. நீண்ட அளவைத் திருகுக்கோ ஏற்கத்தக்கதன்று.

இவ்வாறு மாற்றியமைத்த எந்திரத்தைத் தண்டைச் சமமாகக் கடைந்து மட்டும் சோதித்தால் போதாது. சக்கரங்கள் தவறாக மாட்டப்பட்டிருந்தாலும் தண்டின் மேற்பரப்பு பளபளக்கும். மரை வெட்டினால்தான் குறை வெளிப்படும். முதலில் வெட்டுளியை மெல்லப் படவிட்டு, மயிரிழை போன்ற கோடு மட்டும் இழுப்பர். பத்து இடைவெளிகள் சேர்ந்து 15 மி.மீ. காட்டினால் சக்கரங்கள் சரி. பின்னரே சிறிது சிறிதாக ஆழம் கூட்டுவர். வெட்டுளியின் முனைக்கோணமும் மாற வேண்டும்: விட்வொர்த் மரைக்கு 55 பாகை, மெட்ரிக் மரைக்கு 60 பாகை.

புதியவர் இடறும் இடம் ஒன்றுண்டு. அங்குலத் திருகில் அங்குல மரை வெட்டுகையில், வெட்டுளியைத் திருகோடு பிணைக்கும் பிளவு நட்டைத் திறந்து, அதற்குரிய முகப்புக் குறியைப் பார்த்து மீண்டும் மூடலாம். மெட்ரிக் மரைக்கு அவ்வழக்கம் உதவாது. திறந்து மூடினால் வெட்டுளி பழைய பள்ளத்தில் விழாமல் மரையைச் சிதைத்துவிடும். ஆகவே நட்டைத் திறக்காமலேயே வெட்டுளியைப் பின்னிழுத்து, எந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் தொடக்கத்திற்குக் கொணர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

முடிவில் நட்டை ஏற்றிப் பார்ப்பர். குட்டையான நட்டு சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். நீண்ட நட்டோ பிழை சேரச்சேர வழியில் இறுகி நின்றுவிடும். எனவே தேர்ந்த கடைசற்காரர் நீண்ட நட்டையே நாடுவார். இன்று சில சிறிய எந்திரங்களில் பல்சக்கரங்களுக்கு மாற்றாகச் சுழற்சியை எண்ணும் உணரியும், அதன் கணக்குப்படி திருகைச் சுழற்றும் மின்னோடியும் பொருத்தப்படுகின்றன. அவற்றிலும் முதலில் மயிரிழைக் கோடு இழுத்துப் பத்து இடைவெளிகளை அளக்கின்றனர். அதன் பின்னர் நட்டை ஏற்றுகின்றனர்.