ஞாயிறு நோக்கும் நோன்பு

நுழையும்முன்
சடங்கு என்றவுடன் கோவிலும் திருவிழாவும் நினைவிற்கு வருவது இயல்பு. வழிபாட்டோடு தொடர்பில்லாத சடங்குகளும் மனித வாழ்வுக்குப் பொருள் தருகின்றன. அத்தகைய ஒன்றைக் கொடைக்கானலில் காணலாம்.

பழனிமலைத் தொடரின் வடபுற அடிவாரத்திலுள்ள பழனிக்குத் தைப்பூசத்தின்போது காவடி சுமந்து நடந்துவரும் அடியார் கூட்டத்தை அனைவரும் அறிவர். அதே மலைத்தொடரின் மேலே, ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், நூறாண்டுக்கும் மேலாக வேறொரு நோன்பு நடைபெற்று வருகிறது. அது கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தின் காலைப்பணி.

சென்னையில் நடைபெற்றுவந்த வானாய்வுப் பணி 1899இல் இங்கு மாற்றப்பட்டது. 1876–78 பெரும்பஞ்சத்திற்குப் பின், ஞாயிற்றின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என அறிய எழுந்த வேட்கையும் இதன் தோற்றத்திற்கு ஒரு காரணம். பசியில் பிறந்த வினா அது. அதற்கு எளிய விடை கிடைத்துவிடவில்லை. ஆயினும் நோன்பு நிற்கவில்லை.

1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும் இங்கு ஞாயிற்றின் ஒளிப்படம் எடுக்கப்பட்டு வருகிறது. வெயில் ஏறித் தரை சூடானால் காற்று அலைவுறும், படம் கலங்கும். ஆதலால் பணியாளர் காலையிலேயே வந்து குவிமாடத்தைத் திறந்து, தொலைநோக்கியை ஞாயிற்றின்பால் திருப்புவர். மேகம் சூழ்ந்தால் காத்திருப்பர். அது விலகாவிடில் அந்நாள் வெற்றிடமாகவே நிற்கும். இல்லாத படத்தை இட்டு நிரப்பும் வழக்கம் இந்நோன்பில் இல்லை.

ஒருநாள் படத்தில் சில கரும்புள்ளிகளே தெரியும். சில நாள்களில் அவையும் இரா. பல்லாண்டுப் படங்களை வரிசைப்படுத்திய பின்னரே, அப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது புலப்படும். முப்பதாண்டுகள் பணிபுரிந்தவர்கூட மூன்று சுழற்சிகளை முழுமையாகக் காண்பதில்லை. சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் இங்குதான் கண்டறிந்தார். அத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பெயர் அறியப்படாத பலருக்கு வாய்த்தது, அன்றைய படத்தை அன்றே எடுப்பது மட்டுமே. அதனைச் சிறுபணி என எண்ணுவது பிழை. தவறவிட்ட ஒரு காலையை எக்கருவியாலும் பின்னர்ப் படமெடுக்க இயலாது.

கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிந்த அப்படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று கணினிவழிப் பாதுகாக்கிறது. ஞாயிற்றின் நெடுங்கால மாற்றங்களை ஆராயும் இளைஞர், தாம் பிறப்பதற்கு முன்னர்க் குளிர்காலைப் பொழுதொன்றில் யாரோ ஒருவர் எடுத்த படத்தைத் திரையில் விரித்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக அளக்கின்றனர்.