தேவாலா சுரங்கத்துக்குள் போகலாமா?

கேள்வி: நீலகிரி தேவாலாவில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் இருக்கின்றனவாமே, உள்ளே போய்ப் பார்க்கலாமா?
– வாசகர், ஐந்தருவி

பதில்: இருப்பது உண்மை. கூடலூர், பந்தலூர் வட்டாரத்துப் பழங்குடிகள் நெடுங்காலமாக ஆற்று மணலை அரித்துப் பொன் எடுத்தவர்கள். பிரப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் 1880-இல் அறிக்கை கொடுத்த காலத்தில் லண்டனில் கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. பாறைக்குள் இருந்த தங்கமோ சொற்பம். சில ஆண்டுகளிலேயே எல்லாம் படுத்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பவை புதர் மண்டிய குகைவாய்களும் துருக்கறை படிந்த வெண்கற்களும்தான்.

உள்ளே மட்டும் போகவே கூடாது.

காற்றோட்டமில்லாத சுரங்கத்தில் பிராணவாயு குறைந்திருக்கும். மயக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். தேங்கிய தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று தோன்றும், காலை வைத்தால் கீழ்த்தளத்துக்கு இறங்கும் செங்குத்துக் குழியாக இருக்கும். திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டப் போய் மண் சரிந்து இறந்தவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களை நினைத்தாவது விலகி நிற்க வேண்டும்.

சுரங்க வரலாற்றில் ஆசை இருந்தால் கோலார் தங்கவயலுக்குப் போகலாம். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. சயனைடு கழிவு மண்மேடுகளை வெளியிலிருந்தே பார்க்கலாம். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; அவர்கள் வாரிசுகள் இன்றும் அந்த ஊரில் வாழ்கிறார்கள்.