மனநல மருத்துவர் பதில்கள்: பிள்ளைகளும் மனச்சோர்வு மாத்திரையும்

? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் படிப்பில் கவனமே இல்லை. மூளை சுறுசுறுப்பாக ஏதாவது மாத்திரை எழுதித் தருவீர்களா?
– ஒரு தந்தை, பொன்னமராவதி

மாட்டேன். அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், கடைசியாக எப்போது விளையாடப் போனான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மதிப்பெண் மட்டும் பாடவாரியாக இருக்கிறது. முதலில் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

? என் 15 வயது மகளுக்கு மனச்சோர்வு என்று ஃப்ளுவாக்ஸெடின் எழுதிக் கொடுத்தார்கள். போனில் தேடினேன். 'சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம்' என்று இருந்தது. பயந்துபோய் ஒன்பதாம் நாள் நிறுத்திவிட்டேன். செய்தது சரிதானா டாக்டர்?
– ஒரு தாய், ஆலங்குடி

பயந்தது சரி. யாரையும் கேட்காமல் நிறுத்தியது தவறு.

நீங்கள் படித்தது பொய்யில்லை அம்மா. 2004 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றின் மீதும் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது. 24 ஆய்வுகளில் 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த செயலோ இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இருந்தது. அந்த ஆய்வுகளில் ஒரு பிள்ளைகூடத் தற்கொலையால் இறக்கவில்லை. பயமுறுத்தும் செய்திகளில் இந்தக் கடைசித் தகவல்தான் விட்டுப்போகிறது.

எல்லா மருந்தும் ஒன்றல்ல என்பதும் விட்டுப்போகிறது. பராக்ஸெடின் என்ற மருந்து வளரிளம் பருவத்தினருக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2001இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதே ஆய்வின் மூல விவரங்களை வேறு ஆய்வாளர்கள் மறுபடி அலசி 2015இல் வெளியிட்டார்கள்: பலனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பிரிட்டன் 2003லேயே அதை 18 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு மற்றவற்றையும் பரிசீலித்தபோது, சிறுவர் மனச்சோர்வுக்கு நன்மை தீமையை எடைபோட்டு அது ஏற்றுக்கொண்ட மருந்து ஃப்ளுவாக்ஸெடின். உங்கள் மகளுக்கு எழுதப்பட்டது அதுதான். உங்கள் மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை.

ஆனால் நான் மருத்துவர்களோடும் சண்டை போடுவது ஒரு விஷயத்துக்காக. மாத்திரையை எழுதிவிட்டு 'ஒரு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்புகிறோமே, அது கூடாது. கண்காணிக்க வேண்டிய காலமே அந்த முதல் மாதம்தான். 2004இல் எச்சரிக்கை வந்தபோது, முதல் நான்கு வாரமும் வாரம் ஒருமுறை பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னார்கள். கறம்பக்குடியிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் கூலியை விட்டுவிட்டு வாராவாரம் பஸ் ஏறி வருவது எளிதல்ல, எனக்குத் தெரியும். வர முடியாத வாரம் போனிலாவது பேசுங்கள். பிள்ளையையும் பேசச் சொல்லுங்கள். நாலு கேள்வி கேட்க மருத்துவருக்கு நேரமில்லை என்றால் அவர் அந்த மாத்திரையைத் தொடங்கியிருக்கவே கூடாது.

வீட்டில் எதைப் பார்ப்பது? இருப்புக்கொள்ளாமல் நடப்பது, தூக்கம் சுத்தமாகப் போவது, வழக்கத்தை மீறிய கோபம், திடீரென்று அளவுக்கு மீறிய பேச்சும் உற்சாகமும், சாவைப் பற்றிய பேச்சு. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். பலன் தெரிய மூன்று நான்கு வாரமாவது ஆகும். தொந்தரவு மட்டும் முதல் வாரத்திலேயே எட்டிப்பார்க்கும். நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் பெற்றோர் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள்.

இன்னொன்று. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 439 வளரிளம் பருவத்தினரை 12 வாரம் பார்த்தார்கள். வெற்று மாத்திரையில் 35 சதவீதம் பேர் தேறினார்கள், ஃப்ளுவாக்ஸெடினில் 61, அதோடு முறையான பேச்சு சிகிச்சையும் சேர்ந்தபோது 71. ஆகவே மாத்திரை எழுதியவரிடம் 'கவுன்சலிங் யாரிடம், எந்தக் கிழமை?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். மகளுக்கு ரத்தசோகையும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

ஒன்பது நாளில் நிறுத்தியதால் பெரிய கெடுதல் வந்திருக்காது. இந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். நாளைக்கே போய் நிறுத்தியதைச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்குவதா என்பதை மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

? போன வருஷச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மனச்சோர்வு மாத்திரையைத் தம்பி மகனுக்கு வாங்கிக் கொடுத்து வருகிறோம். தொடரலாமா?
– வாசகர், கீரனூர்

ஒரு வருஷமாக எந்த மருத்துவரும் அந்தப் பையனைப் பார்க்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே அழைத்துப் போங்கள். அதுவரை திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். சீட்டில் பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலமும் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். பழக்கமாகிப்போவது அதுதான்; மனச்சோர்வு மாத்திரை அல்ல. இரண்டையும் 'தூக்க மாத்திரை' என்று ஒரே பையில் போடாதீர்கள்.

? என் மாமியாருக்குச் சர்க்கரையால் கால் எரிச்சல். அதற்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையில் பாதியை, தலைவலி என்று அழுத பேரனுக்கு (வயது 9) கொடுத்துவிட்டார். நன்றாகத் தூங்கினான். தலைவலி வரும்போதெல்லாம் கொடுக்கலாமா?
– ஓர் இல்லத்தரசி, அறந்தாங்கி

கூடவே கூடாது. எரிச்சலுக்கு வாங்கினாலும் அது பழைய வகை மனச்சோர்வு மருந்து. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைக்கும். சின்ன உடம்புக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்து. டிவி மேலும் தலையணைக்கு அடியிலும் அட்டை அட்டையாகக் கிடக்கும் மாத்திரையை இன்றைக்கே எடுத்துப் பூட்டி வையுங்கள். பையனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் நாளில் மட்டும் தலைவலி வருகிறதா என்றும் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகளின் மனக்கஷ்டம் பெரும்பாலும் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும்தான் வெளியே வரும்.

? பிள்ளையைக் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாம் என்று உறவினர் சொல்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா?
– வாசகர், விராலிமலை

சாமி கும்பிடப் போங்கள். மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளையைக் கட்டி வைக்கும் இடம் எதுவானாலும் வாசலோடு திரும்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்.

? மகளுக்கு மாத்திரை கொடுத்தால் நாளை வேலைக்கு, கல்யாணத்துக்குப் பிரச்சினை வருமா?
– ஒரு தந்தை, இலுப்பூர்

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மருத்துவர் ஊருக்குச் சொல்ல முடியாது. உறவுக்காரர்களிடம் நீங்களும் சொல்லாதீர்கள். வைத்தியம் பார்க்காமல் விட்டால் போவது அவள் படிப்பு, அவள் சிரிப்பு. அதைப் பாருங்கள்.

? எனக்கு 16 வயது. எதுவுமே பிடிக்கவில்லை. சில ராத்திரி செத்துவிடலாம் போல இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால் அடிப்பார். மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா?
– பெயர் வேண்டாம், கந்தர்வகோட்டை

தம்பி, நீ எழுதியது பெரிய காரியம். இப்படித் தோன்றுவது உன் குற்றமில்லை. இது நோய், குணமாகும். மாத்திரை தேவையா என்று உன்னை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். பல பேருக்குத் தேவைப்படாது. தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்று இரவே 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடு. அரசின் டெலி மானஸ் அது. காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நாளை காலையில் அம்மா, மாமா, பிடித்த டீச்சர் என்று யாராவது ஒரு பெரியவரிடம் எனக்கு எழுதிய அதே வார்த்தையைச் சொல். அவரோடு புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து மனநலப் பிரிவு எங்கே என்று கேள். போலீஸ், கேஸ் என்று யாராவது மிரட்டினால் நம்பாதே. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது மேலே சொன்ன அதே சட்டம்.

இதைப் படிக்கும் அப்பாக்களுக்கு: வயலுக்கு அடிக்கும் மருந்தையும் எலி மருந்தையும் இன்றைக்கே பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பேச வந்தால் கையை ஓங்காதீர்கள்.