விருந்துக் கணினிக்கு வழி வகுத்தல்

எப்பாடம் பயின்றாராயினும், கல்லூரியை விட்டுத் தொழிற்சாலை வாயிலை அடையும் மாணவர் இந்நாளில் கணினியின் முன் அமரவேண்டியவராகின்றனர். சென்னையினின்று பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்பூதூருக்கு அணித்தாயுள்ள இருங்காட்டுக்கோட்டை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1996ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனத்தார், அவ்வூர்ச் சிப்காட் தொழிற்பூங்காவில் ஆலை அமைத்து, 1998இல் சான்ட்ரோ என்னும் காரை வெளிக்கொணர்ந்தனர். அதன்பின் ஒரகடம் வரையில் ஆலைகள் பல பெருகின. அவ்வாலைகளை நாடிச் செல்லும் மாணவர்க்குப் பயன்படுவதும், தமிழில் விளங்க உரைக்கப்பெறாததுமாகிய ஒரு பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒரு கணினியினுள் மற்றொரு கணினியைக் குடியமர்த்தி, அவ்விரண்டையும் வலைப்பின்னலால் இணைத்தல் என்பதே அப்பொருளாகும்.

கணினியினுள் கணினியாவது யாது? ஒரு மென்பொருளின் துணையால், உண்மைக் கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியைப் பிரித்து, அப்பகுதியைத் தனிக் கணினிபோல இயங்கச் செய்வர். அது மெய்நிகர் கணினி எனப்படும். இக்கருத்து புதியதன்று, 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் பெருங்கணினிகளில் இதனைச் செய்து காட்டினர். மேசைக் கணினிக்கு இது பரவலாக வந்தது 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் தன் மென்பொருளை வெளியிட்டபின் எனலாம். இடங்கொடுக்குங் கணினியை ஹோஸ்டு என்றும், உள்ளே தங்குவதைக் கெஸ்டு என்றும் வழங்குவர். முன்னதை ஓம்புகணினி என்றும், பின்னதை விருந்துக் கணினி என்றும் யாம் கூறுவோம். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் மொழியில் இப்பெயர்கள் அயலாகத் தோன்றா.

ஆலைகளில் இதன் தேவை யாதெனின், கூறுதும். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய இயந்திரம் இருபது ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கும். அதனோடு வந்த மென்பொருளோ அக்காலத்து விண்டோஸ் ஒன்றிலேதான் இயங்கும். புதுக் கணினியில் அது ஏறாது. பழைய கணினியோ பழுதுற்றுவிடும். ஆகவே பழைய விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, இயந்திரத்தைப் பேணுவோர் அதனைத் தம் மடிக்கணினியில் வைத்துக்கொள்வர். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது. எனவே இவ்விருந்தினர் முதியவர், நோயெதிர்க்கும் வலியற்றவர். அவரை எவ்வழியில் வெளியே விடுவது என்பதே வினா.

அவ்வினாவை எளிதாக எண்ணுதல் கூடாது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் வானாகிரை என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவத்தொடங்கியது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஒரு குறையின் வழியே, 445 என்னும் எண்ணுள்ள வாயிலிற் புகுந்து, அது கணினிக்குக் கணினி தாவியது. கோப்புகளைப் பூட்டிவைத்து, விடுவிக்கப் பணம் கேட்டது. அக்குறைக்குரிய திருத்தம் அவ்வாண்டு மார்ச்சு 14ஆம் நாளே வெளிவந்திருந்தும், அதனை ஏற்றாத கணினிகள் எண்ணிறந்தன. ரெனோ நிறுவனத்தார் பிரான்சு நாட்டில் ஆலைகள் சிலவற்றின் வேலையை நிறுத்திவைத்தனர். ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிப்புற்றதென்று அந்நாளையச் செய்தித்தாள்கள் தெரிவித்தன. மெய்நிகர் கணினியால் இது நேர்ந்ததென்று யாம் கூறவில்லை. வலையிற் சேர்ந்த ஒவ்வொரு கணினியும், மெய்யாயினும் மெய்நிகராயினும், புழுவுக்கு ஒரு வாயிலே என்பதை வற்புறுத்தவே இதனை எடுத்துக்காட்டினோம்.

இனி, விருந்துக் கணினியை இணைக்கும் முறைகளுள் தலையாயவை மூன்று. அவற்றை ஒரு வீட்டின் அமைப்பால் விளக்குதும்.

முதலாவது பாலமுறை. இதனைப் பிரிட்ஜ்டு என்பர். விருந்தினர்க்குத் தெருவை நோக்கித் தனிக் கதவும் தனிக் கதவெண்ணும் கொடுப்பதை இஃது ஒக்கும். ஓம்புகணினிக்கு முகவரி அளிக்கும் அதே வலை விருந்துக்கும் முகவரி அளிக்கும். வலையிலுள்ளார் யாவரும் அதனை நேரே அழைக்கலாம்; அதுவும் யாவரையும் அழைக்கலாம்.

இரண்டாவது முகவரி மாற்று முறை. இதனை என்.ஏ.டி. என்பர். விருந்தினர் விடுக்கும் மடலின்மேல் வீட்டுத்தலைவர் தம் முகவரியை இட்டு அனுப்பி, வரும் மறுமொழியை அவரிடம் சேர்ப்பிப்பதை இஃது ஒக்கும். வெளியார்க்கு விருந்தினர் இருப்பதே தெரியாது. ஆதலின் தாமாக அவரை அழைத்தல் இயலாது. இம்முறை வருவாரைத் தடுக்குமேயன்றிச் செல்வாரைத் தடாது என்பதை மறவற்க. விருந்துக் கணினியிற் புழு புகுந்துவிடின், இவ்வழியாகவே அது வெளியே தாவக்கூடும்.

மூன்றாவது அகமுறை. இதனை ஹோஸ்ட் ஒன்லி என்பர். விருந்தினரும் வீட்டாரும் முற்றத்தில் அமர்ந்து உரையாடுவர்; தெருவிற்கு வழியில்லை. ஓம்புகணினியும் விருந்துக் கணினியும் தம்முட் பேசிக்கொள்ள இதுவே நேரான வழி.

இம்மூன்றனுள் அகமுறையை அமைக்குமாற்றை, 2007இல் வெளிவந்து, இப்போது ஆரக்கிள் நிறுவனத்தார் வழங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு காட்டுவோம். முதற்கண், அதன் நெட்வொர்க் மேனேஜர் என்னும் பகுதியில் ஹோஸ்ட் ஒன்லி வலை ஒன்று உளதா எனக் காண்க, இல்லையேல் உண்டாக்குக. வழக்கமாக ஓம்புகணினிக்கு அவ்வலையில் 192.168.56.1 என்னும் முகவரி அமையும். இது 1996ஆம் ஆண்டில் தனி வலைகளுக்கென வகுத்து ஒதுக்கப்பெற்ற முகவரித் தொகுதிகளுள் ஒன்றைச் சார்ந்தது. இணையத்தில் எவர்க்கும் உரியதன்று. அடுத்து, விருந்துக் கணினியை நிறுத்திவிட்டு, அதன் அமைப்பில் நெட்வொர்க் என்னும் பக்கத்தைத் திறந்து, அடாப்டர் ஒன்றை அவ்வலையோடு இணைக்க. பின்னர் விருந்துக் கணினியை இயக்கின், அதற்கு 192.168.56.101 போன்றதொரு முகவரி தானே வந்து சேரும்.

வெளியுலகத் தொடர்பும் வேண்டுமாயின், முதல் அடாப்டரை முகவரி மாற்று முறையிலும், இரண்டாவதை அகமுறையிலும் அமைக்கலாம். கல்லூரியிற் பயில்வோர்க்கு இஃதே போதும். முதல் அடாப்டரின் வழியே விருந்துக் கணினிக்கு 10.0.2.15 என்னும் முகவரி கிடைப்பது வழக்கம். இரண்டு முகவரிகளைக் கண்டு மயங்கற்க. ஒன்று தெருவிற்கும் மற்றொன்று முற்றத்திற்கும் உரியன.

அமைத்தபின் சோதித்தலும் முறைப்படி நிகழ்தல் வேண்டும். முதலில், விருந்துக் கணினி பெற்ற முகவரியைக் காண்க. அது 169.254 என்று தொடங்குமாயின், முகவரி வழங்குவார் ஒருவரையும் அது காணவில்லை என்பது பொருள். அடாப்டர் உரிய வலையோடு இணைந்துளதா என மீண்டும் பார்க்க. இரண்டாவதாக, ஓம்புகணினியிலிருந்து விருந்தைப் பிங் என்னும் கட்டளையால் அழைக்க. மூன்றாவதாக, விருந்திலிருந்து ஓம்புகணினியை அழைக்க. ஒருபுறம் மறுமொழி வந்து மறுபுறம் வாராதாயின், வலை பழுதென்று முடிவு செய்தல் தவறு. விண்டோஸிலுள்ள ஃபயர்வால் என்னுங் காவல் பிங் அழைப்பை மறுப்பது இயல்பு. அவ்வொன்றற்கு மட்டும் இசைவு தருதல் வேண்டுமேயன்றிக் காவலையே முற்றும் நீக்கிவிடுதல், ஒரு விருந்தினர்க்காக வீட்டின் கதவையே பெயர்த்தெறிதல் போலாம்.

நகலெடுத்த விருந்துக் கணினிகள் இரண்டு ஒரே வலையில் நின்று இடர்ப்படுதலும் உண்டு. ஒவ்வோர் அடாப்டருக்கும் உரிய மேக் முகவரி இரண்டிலும் ஒன்றாயிருத்தலே அதற்குக் காரணமாகலாம். நகலெடுக்கும்பொழுதே புது மேக் முகவரி வேண்டுமெனக் குறிப்பின் இவ்விடர் நேராது.

இனி ஆலையின்கண் கொள்ளவேண்டிய முறையைக் கூறுவோம். பழைய விண்டோஸ் குடியிருக்கும் விருந்துக் கணினியைப் பாலமுறையால் ஆலையின் பொது வலையில் நேரே நிறுத்துதல் எவ்வாற்றானும் தகாது. கோப்புகளை ஓம்புகணினியோடு பரிமாறிக்கொள்ளுதலே தேவையாயின், அகமுறை ஒன்றே அமையும். இயந்திரத்தோடு கம்பி வழியே பேசவேண்டுமாயின், தனியே ஒரு வலையட்டையைப் பொருத்தி, அதனை அவ்வியந்திரத்தோடு மட்டும் இணைத்து, அவ்வட்டையின்மேல் மட்டும் பாலம் அமைக்கலாம். அப்பொழுது விருந்தினர் தெருவில் நிற்பவராகார். ஒரு வீட்டிற்கு மட்டும் செல்லும் நடைபாதையில் நிற்பவராவர். இவற்றையும் ஆலையின் கணினிப் பொறுப்பாளர் இசைவு பெற்றே செய்தல் வேண்டும்.

அகமுறையிலும் ஒரு நுட்பம் உண்டு. முற்றத்திற்கும் தெருவிற்கும் இடையே நிற்பவர் வீட்டுத்தலைவரே. ஓம்புகணினிக்குரிய திருத்தங்களை ஏற்றாது விடின், விருந்தின் நோய் அதனைப் பற்றி, அதன் வழியே தெருவை அடையும். எனவே விருந்தினர் முதியவராயின், ஓம்புவோர் வலியுடையராதல் இன்றியமையாதது.

மாணவ நண்பர்காள்! முறைகள் மூன்றாயினும் அவற்றைத் தேர்தற்குரிய வினா ஒன்றே: யார் யாரோடு பேசவேண்டும்? அவ்வினாவுக்கு விடை கண்டபின் அடாப்டரைத் தொடுவது அறிவுடைமை. வேண்டிய அளவு வழி திறப்பது விருந்தோம்பல். வேண்டாத வழியையும் திறந்துவிடுவது சோர்வு. அச்சோர்வு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மாலைப்பொழுதை மட்டும் வீணாக்கும். ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ அது பலருடைய உழைப்பை நிறுத்திவிடவும் கூடும். இதனை உளங்கொண்டு நாம் பயில்வோமாக.