இலை பறக்கும், தூசி?

கேள்வி: வாசலில் வாதாம் இலை குவிகிறது. பேட்டரி ப்ளோயர் வாங்கலாமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: காற்று வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். 20 வோல்ட், 4 ஏஎச் என்றால் சுமார் 80 வாட்-மணி. 400 வாட் இழுக்கும் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வீட்டில் பேட்டரி டிரில் இருந்தால், அதன் பேட்டரியே பொருந்தும் மாடலை மெஷின் மட்டுமாக வாங்குங்கள், காசு மிச்சம்.

உங்கள் ஊரில் இலையைவிடத் தூசிதான் தொல்லை. வாதாம் இலைக் குழிவில் கரித்தூளும் எண்ணூர் வட்டார அனல்மின் நிலையங்களின் சாம்பலும் படியுமே, அதை ஊதினால் பக்கத்து வீட்டுக் கொடித்துணியில்தான் ஒட்டும். அப்புறம் சண்டைக்கு நான் பொறுப்பல்ல! லேசாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, குறைந்த வேகத்தில் ஊதுங்கள். உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் அரிக்கும், வீட்டுக்குள் வையுங்கள். சின்ன வாசல் என்றால் தென்னந்துடைப்பமே போதும்.