ஆசியாவை அவசரமாக அளக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

67 ஆசியா என்ற சிறுகோளின் ஒளிவளைவை, அதாவது அதன் பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடத்தை, எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். மனதுக்கு நிறைவாக இருந்தது. 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் சென்னை வானாய்வகத்தில் கண்டுபிடித்தது அது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அந்தப் பெயர். ஐந்து ஒளிப்பொலிவெண் வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு என்று 1856-இல் வரையறுத்தவரும் அவரே. உன் வரைபடத்தில் குறிக்கப்போகும் ஒவ்வொரு புள்ளியும் அவர் கணக்கில்தான் வந்து உட்காரும்.

ஆசியா சுமார் 60 கி.மீ. அளவுள்ள கல்வகைச் சிறுகோள். சூரியனைச் சுற்றிவர 3.77 ஆண்டு பிடிக்கும். அதற்குள் செவ்வாய் இரண்டு சுற்று முடித்துவிடும். சூரியனை 2 வானியல் அலகு வரை நெருங்கி, 2.9 வரை விலகும். ஆகவே அது எல்லா ஆண்டும் ஒரே பிரகாசத்தில் கிடைக்காது.

உன்னைச் சோதிக்கப்போவது அதன் சுழற்சி. தன்னைத்தானே சுற்ற 16 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கணக்குப் போட்டுப் பார்: 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று. இன்றிரவு பத்து மணிக்கு ஒரு முகம் தெரிந்தால், நாளை அதே நேரத்தில் எதிர்முகம். நாளை மறுநாள் மறுபடி இன்றைய முகம். நீண்ட உருவமுள்ள சிறுகோளுக்கு ஒரு சுற்றில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம் வரும். இரு பாதிகளும் ஒன்றுபோலவே தோன்றலாம். அப்போது ஒவ்வோர் இரவும் ஒரே வளைவைப் பார்ப்பதாக நினைப்பாய். கணினியில் சுழற்சிக் காலம் 8 மணி என்று கொடுத்தாலும் பொருந்தும், 24 என்று கொடுத்தாலும் ஓரளவு பொருந்தும். பொருந்துகிறதே என்று நம்பிவிடாதே.

ஒரே இடத்திலிருந்து இரவுக்கு ஐந்து மணி நேரம் எடுத்தால், விடுபட்ட பகுதிகள் நிரம்ப இரண்டு வாரம்போல் ஆகும். சிறுகோள் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதன் பிரகாசத்தை ஒப்பிட்டு அளக்கும் விண்மீன்களும் மாறும். அந்த இரவுகளை ஒன்றோடொன்று பொருத்துவதில்தான் பிழை நுழையும். அதனால் நமக்கு மேற்கே, ஐரோப்பாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருக்கும் ஆர்வலர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள். நீ முடிக்கும் நேரத்தில் அவர் தொடங்குவார். பெயர் இருவருக்கும் போகட்டும். அதில் குறையொன்றும் இல்லை.

இரு பாதிகளுக்கும் உள்ள வேறுபாடு அளவீட்டுப் பிழையைவிடப் பெரிதாகத் தெரியும்வரை எந்த எண்ணையும் வெளியிடாதே. தெரிந்ததும் மூலத் தரவை எனக்கு அனுப்பு. நானும் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்