மீன்கரையும் புரதக் கணக்கும்

தலைமன்னாரிலிருந்து பேசாலை வழியாக மன்னார் நகரம் வரையிலும், அப்பால் வங்காலை, அரிப்புக் கரைகளிலும், மச்சம் படாத சோற்றில் போஷாக்கே இல்லையென்னும் பழைய நம்பிக்கை இன்றும் நிலவுகிறது. மீனும் போதாது, பேணியில் அடைத்த புரத மாவைக் கரைத்துக் குடித்தாலன்றித் தேகம் திரளாது என்னும் புதிய நம்பிக்கை இளைஞரிடையே அதனோடு வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும் இவ்விரண்டும், புரதம் எவ்வளவு உண்டாலும் போதாது என்ற ஒரே அச்சத்திற் பிறந்தவை.

அவ்வச்சத்துக்கு வயது அதிகம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் வொய்ட், உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் வேண்டுமென விதித்தார். யேல் பல்கலைக்கழகத்து ரசல் சிட்டெண்டன், தம்மையும் போர்வீரரையும் விளையாட்டு வீரரையும் பரிசோதித்து, அதிற் பாதியளவே போதுமென்று 1904இல் எழுதினார். உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் வெளியிட்ட பிரமாணம், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஆரோக்கியமுள்ளோர் ஏறக்குறைய அனைவரின் தேவையும் அடங்கும்படி சற்றுக் கூட்டியே விதித்த அளவு அது.

கட்டுக்கரைக்குளத்து நீரில் விளைந்த நெல்லின் அரிசி 300 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உண்டென்பதை, சோற்றை வெறும் மாச்சத்தென்று இகழ்வோர் மறந்துவிடுகிறார்கள். முள்ளும் தலையும் நீக்கிய 100 கிராம் பாரைமீன் இன்னொரு 20 தரும். 50 கிராம் பருப்பு 12 தரும். சொதியையும் கீரையையும் சேர்க்காமலே கணக்கு 50ஐக் கடந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீட்டில், பருப்பும் பயறுமாக 100 கிராமும் ஒரு கிண்ணம் தயிரும் அந்த இடத்தை நிரப்பும். அரிசியிற் குறையும் லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி, இரண்டையும் ஒரே வேளையில் உண்டாகவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. ஆனால் வயிற்றுக்குப் போதிய சோறு இல்லாதபோது, உண்ட மீனும் தசையாகாமல் விறகாக எரிந்துபோகும்.

பேணி மாவின் ஒரு கரண்டியில் இருக்கும் 20, 25 கிராம் புரதம் மேற்சொன்ன மீன்துண்டில் இருப்பதே. பளு தூக்கிப் பயில்வோர்க்குத் தேவை கூடும் என்பது மெய்; ஆயினும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்பதாற் பெரிதாக எதுவும் விளைவதில்லை, மிகுதியின் நைதரசன் சிறுநீரோடு போய்விடும். பிளந்து உப்பிட்டு வெயிலிற் காயவைத்த கருவாடும் சத்தற்றதன்று. நீர் வற்றியதால் எடைக்கு எடை அதிற்றான் புரதம் அதிகம். அஞ்சவேண்டியது உப்புக்கே.

உண்மையில் அதிகம் வேண்டுவோர், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் நாளுக்கு மேலதிகமாக 31 கிராமும், பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் 19 கிராமும் தேவைப்படும் தாய்மாரே. அவர்களுக்குச் சுறா வறை கொடுத்தாற் பால் சுரக்கும் என்பது நம் நம்பிக்கை; சுறாவுக்கென்று அப்படியொரு தனிச் சக்தி இல்லை. பெரிய மீன்கள் சிறியவற்றைத் தின்று தின்று பாதரசத்தைத் தம் உடலிற் சேர்த்துவைப்பதால், சுறாவைத் தாய்மார் தவிர்ப்பதே நல்லது. சூடையும் நெத்தலியும் அந்த 19 கிராமைக் குறைந்த விலையிலேயே தந்துவிடும்.